முறத்தில் போன ஏழு மரங்கள்

செம்பூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷமாக அட்டெண்டராக இருக்கிறேன். காலையில் பூட்டைத் திறப்பது, கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, பிள்ளைகள் உடைத்ததை எழுதி வைப்பது, மாலையில் பூட்டுவது என்று வேலைக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத வேலைதான் எப்போதும் அதிகம். விதை எண்ணுவதும் அப்படி வந்து சேர்ந்ததுதான். மூன்று வருஷம் எண்ணினேன். கண்ணை மூடினால் இப்போதும் விதைதான் தெரிகிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உட்கார்ந்து எண்ணினால் அல்லவா தெரியும்.

எண்ணச் சொன்னவர் எங்கள் துறை மேடம். பாலக்காட்டுக் குடும்பம். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மாட்டுங்காவில்தான். நான் தாராவி. என் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்களிடம் இந்தியிலோ மராத்தியிலோ இரண்டு வார்த்தையில் முடிகிற பேச்சு எங்களுக்குள் தமிழில் இன்னும் கொஞ்ச நேரம் நீளும். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். நான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவள். நான் வாரப் பத்திரிகை கொண்டு போனால், மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு "வாசிச்சுக் காட்டேன்" என்பார். அந்த அரைமணி நேரம் நான் டீச்சர், அவர் மாணவி.

முப்பது வருஷம் பாடம் நடத்தியும் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் ஏறவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் ஆராய்ச்சி முடித்துத் திரும்பி வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தார்கள். அவரும் பதிவு செய்துதான் வைத்திருந்தார். மாமியார் படுக்கையில் விழுந்தார், கணவருக்கு பைபாஸ் ஆனது, இருந்த கட்டிடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதால் வீட்டை மாற்ற வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து கெடு தள்ளிப் போனது. கடைசியாக ஒரு நீட்டிப்பு கொடுத்து, இதற்கு மேல் கிடையாது என்று எழுத்திலேயே அனுப்பிவிட்டார்கள். நான் சொல்லப்போகும் வருஷத்து ஜூலைக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அடுத்த மார்ச்சில் அவருக்கு ரிட்டயர்மென்ட்.

அவர் எடுத்திருந்த விஷயம் வாகை மரமும் அதன் விதையைத் தின்னும் வண்டும். போரிவலி காட்டுக்குள் பதினாலு வாகை மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தகரத்தில் எண் எழுதிக் கட்டியிருந்தார். ஏழு மரம் கீழே பாதையோரம், ஏழு மரம் மேல் சரிவில். மரத்தடியில் கொசுவலைத் துணியைத் தொட்டில் மாதிரி நாலு குச்சியில் கட்டியிருப்போம். காற்றுக்கு உதிரும் காயெல்லாம் அந்த நெட்டில் விழும். ஜனவரியில் கட்டினால் மழைக்கு முன்னால்தான் அவிழ்ப்போம். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை போய், விழுந்து கிடப்பதை மரத்துக்கு ஒரு பையாக அள்ளிக்கொண்டு வருவோம். மேடம் மாட்டுங்கா ரோடில் ரயில் ஏறி லேடீஸ் டப்பாவில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைப்பார். நான் அடுத்த ஸ்டேஷன் மாஹிமில் ஏறுவேன். சனிக்கிழமை எனக்கு லீவு நாள் என்பதை முதலில் அவர் மறந்தார், போகப் போக நானும் மறந்துவிட்டேன்.

காட்டுக்குப் போவது சுகம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மார்ச் மாதம் போய்ப் பார்க்கட்டும். சிறுத்தை நடமாட்டம் உண்டென்று கம்பு வைத்துக்கொண்டு ஒரு காவலாளி கூடவே வருவார். வந்த இடத்தில் கல்லில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இலையெல்லாம் கொட்டிப்போய் நிழல் என்று பேருக்குத்தான் இருக்கும். வாகைக் காய் காய்ந்து வைக்கோல் நிறத்தில் மரம் முழுக்கத் தொங்கும். லேசாகக் காற்று அடித்தாலும் சலசலவென்று ஒரு சத்தம். முதல் முறை கேட்டபோது நன்றாக இருந்தது. மூன்றாவது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, ஐயோ, இவ்வளவையும் உரிக்க வேண்டுமே என்றுதான் தோன்றும்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். மேடம் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷம் பாரு, மரம் கொஞ்சமாத்தான் காய்ச்சிருக்கும். அத்தனையையும் வண்டு தின்னுட்டுப் போயிடும். இன்னொரு வருஷம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அப்போ வண்டு எத்தனைதான் திங்கும்? அதுக்கு வயிறு நிரம்பிடும், மிச்ச விதை தப்பிச்சுடும். வாகையும் அப்படித்தானான்னு பாக்கணும்."

"மரத்துக்கு அவ்வளவு வெவரம் இருக்கா மேடம்?"

"அதைத்தானே எண்ணிப் பாக்கறோம்" என்றார்.

வண்டு ஒன்றும் புதிய ஆள் இல்லை. நம் வீட்டுப் பாசிப்பயறு டப்பாவில் வரும் வண்டுக்குப் பங்காளி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பலும் பழுப்புமாக இருக்கும். காயின் மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிந்த புழு தோலைத் துளைத்து நேராக விதைக்குள் போகும். வெளியே ஒரு தடயமும் தெரியாது. உள்ளே உட்கார்ந்து பருப்பைத் தின்று, வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஒரு மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரும். அந்த வட்டத்தைப் பார்த்தால் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் அத்தனை சுத்தமாக இருக்கும். தின்கிறதில் என்ன ஒழுங்கு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சல் வரும்.

என் வேலை இதுதான். காயை உரித்து விதைகளை வெள்ளை ட்ரேயில் போட வேண்டும். நல்லது ஒரு கிண்ணம், ஓட்டை ஒரு கிண்ணம், வளராமல் சப்பையாகப் போனது ஒரு கிண்ணம். நல்லது என்று ஒதுக்கியதிலும் கொஞ்சத்தை எடுத்து பிளேடால் கீறிப் பார்க்க வேண்டும், உள்ளே புழு இருக்கலாம். பிறகு மூன்றையும் எண்ணி, மரத்து எண்ணுக்கு நேரே நோட்டில் எழுத வேண்டும். மேடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று. "எனக்கு நல்ல விதை முக்கியமே இல்லை. கெட்டதுதான் முக்கியம். ஒரு ஓட்டை விதைகூட விட்டுப்போகக் கூடாது."

முதல் வருஷம் காய் குறைச்சல். இரண்டாம் வருஷம் அதைவிடக் குறைச்சல். ஓட்டைக் கிண்ணம் நிரம்பி வழிந்தது, நல்லது என்று எழுதக் கை கூசியது. மேடம் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "வரும், ஒரு நல்ல வருஷம் வரும்" என்பார். அவருக்கு மரம் நிறையக் காய்க்கிற வருஷம் ஒன்றாவது வேண்டும். அது வந்தால்தான் ஒப்பிட்டுப் பார்த்து எழுத முடியும். கெடு முடிவதற்குள் மரம் காய்க்குமா என்று ஒரு பெரிய மனுஷி மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

மூன்றாம் வருஷம் காய்த்தது. கிளை தெரியாமல் காய்த்தது. நெட் தாங்காமல் குச்சி சாய்ந்தது. பைகள் பெருகி ஆய்வகத்து அலமாரி, ஜன்னல் திட்டு, என் நாற்காலிக்கு அடி என்று எங்கும் நிரம்பின. மேடம் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. எனக்கோ முதுகு விட்டுப்போனது. பகலெல்லாம் வகுப்புக்கு எடுத்து வைத்து, மிஞ்சிய நேரத்தில் உரித்து, ஏப்ரல் முடிவில் கீழ்ப் பாதையோர ஏழு மரங்களைத்தான் எண்ணி முடித்திருந்தேன். மேல் சரிவு ஏழு மரமும் அப்படியே இருந்தது. அதற்குள் மே மாத விடுமுறையில் ஆய்வகத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம், எல்லாவற்றையும் காலி செய் என்றார்கள்.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருதேன் மேடம். பத்து நாள்ல முடிச்சுத் தாரேன்" என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

டாக்ஸி டிக்கியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். எங்கள் வீடு மாடியில் ஒரே அறை. ஏணி மாதிரி ஒரு படி. அந்தப் பைகளை வைத்தபின் ஒருவர் படுக்கிற இடம் போய்விட்டது. ட்ரே இல்லை, மேசை இல்லை, நல்ல வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு காயாக விரலால் உரித்தால் ஜூலை வரை உரிக்க வேண்டியதுதான். அதனால் சாக்கில் போட்டு உலக்கைக் கட்டையால் நாலு தட்டுத் தட்டினேன். காய் நொறுங்கி விதை பிரிந்தது. சக்கையும் விதையும் கலந்து கிடந்ததைப் பிரிக்க முறத்தை எடுத்தேன். வாசல் நடையில் உட்கார்ந்து புடைத்தேன். அவ்வளவு சுலபமாக வேலை முடிகிறதே, இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் சந்தில் ரேஷன் அரிசி வந்தால் பெண்கள் எல்லாரும் நடையில் முறத்தோடு உட்கார்ந்துவிடுவோம். பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். கல், வண்டு, சொத்தை எல்லாம் தானாக முறத்தின் விளிம்புக்கு வந்து வெளியே போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கும் தன் வேலை முடிந்ததும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இது என்ன பயறு? இப்படி வண்டு விழுந்து கெடக்கு."

"பயறு இல்லக்கா. காட்டு மரத்து வெத."

"திங்கவா?"

"எண்ணுததுக்கு."

"எண்ணுததுக்கா? ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறத்தை எடுத்துவந்து தானும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவள் மகள் கோவண்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அங்கே ஏதோ சண்டை. அதைச் சொல்லிச் சொல்லிப் புடைத்தாள். நான் கேட்டுக் கேட்டுப் புடைத்தேன்.

மூன்று நாளில் ஆறு மரம் முடிந்தது. சுத்தம் செய்த விதையை மரத்துக்கு ஒரு டப்பாவாக எடுத்து வைத்தோம். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் டப்பாவைத் தரையில் கொட்டி எண்ண ஆரம்பித்தேன். நல்லது, நல்லது, நல்லது. பக்கத்தில் ஓட்டைக்கு வைத்த கிண்ணம் காலியாகவே இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வண்டு இந்த மரத்தை விட்டுவிட்டது போல என்றுகூட நினைத்தேன். இரண்டாவது டப்பாவைக் கொட்டியபோது கை நின்றுவிட்டது.

வண்டு தின்ற விதைக்கு எடை இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் ஓடு மட்டும் இருக்கும். முறத்தில் போட்டுத் தூக்கிப் புடைத்தால் சக்கையோடு சக்கையாகப் பறந்துபோகும். தப்பித் தவறி முறத்தில் தங்கியதை எங்கள் விரல்கள் பொறுக்கி எறிந்துவிட்டன. மூன்று நாளும் காலையில் முனிசிபாலிட்டி குப்பை வண்டி வந்தது, நானே என் கையால் கூட்டி அள்ளிப் போட்டேன். எது முக்கியம் என்று மேடம் இரண்டு வருஷமாகச் சொன்னாரோ அதையெல்லாம் தேடித் தேடிப் பொறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அரிசி பொறுக்குகிற கைக்கு வேறு என்ன தெரியும்?

இதுவரை நடந்தது தெரியாமல் நடந்தது. அடுத்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏழாவது மரத்துப் பை தொடாமல் இருந்தது. அதை மட்டும் முறையாக உரித்து எண்ணியிருக்கலாம். எண்ணினால் என்ன ஆகும்? ஆறு மரத்தில் ஓட்டையே இல்லை, ஏழாவதில் மட்டும் கிண்ணம் நிறைய ஓட்டை என்று நோட்டில் நிற்கும். மேடம் உடனே கேட்பார். ஒரு பத்து நிமிஷம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் சாக்கில் போட்டுத் தட்டி, முறத்தில் போட்டுப் புடைத்தேன். ஏழாவது மரத்தைத் தெரிந்தேதான் செய்தேன்.

மே மாதம் கடைசி வாரம் நோட்டை அவரிடம் கொடுத்தேன். கையில் மிஞ்சியதை அப்படியே எழுதியிருந்தேன், பொய் எண் ஒன்றும் போடவில்லை. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டும் இருந்தேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, மேல் சரிவு ஏழு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

"மேல இருக்கற மரங்களுக்கு வண்டு எட்டலை போல இருக்கு" என்றார். நோட்டை மூடிவிட்டு, "கீழ இருக்கறதையே தின்னு வயிறு நிரம்பிடுத்து. இது நான் நெனச்சதைவிட நன்னா வந்திருக்கு" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தின் முன்னால் என் வாய் திறக்கவில்லை. பயம் பாதி, இரக்கம் பாதி.

அந்தச் சனிக்கிழமை நெட் அவிழ்க்கப் போனோம். மழைக்கு முன்னால் அவிழ்க்காவிட்டால் துணி வீணாகிவிடும். மேல் சரிவில் ஏறும்போதே காற்று வந்தது, தலைக்கு மேல் சலசலவென்று கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். ஏழு மரத்திலும் இன்னும் காய் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்துக்கு ஒரு பை பறித்து எண்ணினால் நெட்டில் விழுந்ததற்கு முழு ஈடாகாது. ஆனாலும் உண்மையான ஓர் எண் கையில் இருக்கும். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. மேடம் குச்சிகளைப் பிடுங்கி ஒன்றாகக் கட்டினார். ஒரு நிமிஷம் அவரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "போரும். எடுத்தாச்சு" என்றார். நான் நெட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. காற்றோடு வந்த மழை. தாராவியில் வீட்டுக்குள் ஒழுகிய இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு, மேல் சரிவில் இந்நேரம் ஒரு காய்கூட மிஞ்சியிருக்காது என்று நினைத்தேன். சொல்லப்போனால் மனதில் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி யாரும் சரி பார்க்க முடியாது. அப்படி ஒரு நினைப்பு எனக்குள் வந்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

ஜூன் நடுவில் மேடம் ஆய்வுக் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் விளக்கிப் பேச வேண்டியிருந்தது. அது முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். மறுநாள் காலை கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய மைசூர்பாக்குப் பெட்டியோடு வந்தார். எல்லாருக்கும் கொடுக்கும் முன்னால் என்னிடம்தான் முதலில் வந்தார்.

"மேல் சரிவு, கீழ்ப் பாதை வித்யாசம் இருக்கே, அதைத்தான் எல்லாரும் ரொம்ப நன்னா இருக்குன்னு சொன்னா. பாதி உன்னாலதான். எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். கையில் நெய் ஒட்டியது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதைக் காகிதத்தில் வைத்துவிட்டு, "மேடம், அந்த ஏழு மரமும் தப்பு" என்றேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக யோசித்தது எதுவும் வரவில்லை. "மொறத்துல போட்டுப் பொடச்சுட்டேன். ஓட்ட வெதையெல்லாம் குப்பையில போயிட்டு. வண்டு விடல மேடம். நான்தான் பொறுக்கிப் போட்டுட்டேன்."

அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை மூடிவிட்டு, "நெட் அவுக்கப் போனோமே, அன்னிக்கு மரத்துல காய் இருந்தது" என்றார். அவ்வளவுதான். பிறகு நோட்டை எடுத்து, அந்த ஏழு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அளவுகோல் வைத்து நேராகப் போட்டார்.

நான் சொன்னதை மறைத்துவிட்டு அவர் ஆய்வேட்டைக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் குழுவுக்குக் கடிதம் எழுதினார், ஏழு மரத்தின் கணக்கும் செல்லாது என்று. காரணம் என் பெயரில் போகவில்லை, எண்ணும் முறையில் பிழை என்று மட்டும் எழுதினார். மிஞ்சிய பாதி மட்டும் போதாது, இன்னொரு நல்ல காய்ப்பு வருஷம் எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. மரம் எப்போது காய்க்கும் என்று யார் கண்டது? கெடு ஜூலையோடு முடிந்தது. பதிவு போனது.

ஆகஸ்டில் ஒருநாள் மழையில் ஆட்டோ கிடைக்காமல் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் சயானில் இறங்கி தாராவிக்கு நடப்பேன், அவருக்கு கிங்ஸ் சர்க்கிள். ஜன்னலெல்லாம் மூடி உள்ளே புழுக்கம். மனதில் மிச்சமிருந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இனி அதனால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"மேடம், ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். ஆறு மரந்தான் தெரியாமப் போச்சு. ஏழாவத தெரிஞ்சேதான் பொடச்சேன். அதுல மட்டும் ஓட்ட இருந்தா நீங்க கேப்பீங்கன்னு."

அவர் மடியில் இருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நோட்டைப் பாத்த அன்னிக்கே எனக்கு உறுத்தித்து. ஒரே காடு, ஒரே வண்டு. மேல் சரிவுக்குப் பறக்கத் தெரியாதா அதுக்கு? முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இதுகூடவா தெரியாது? நெட் அவுக்கறச்சே மரத்தைப் பாத்தேன். பறிச்சு எண்ணிப் பாத்துடலாமான்னு நெனச்சேன். உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமான்னும் நெனச்சேன். கேட்டா உண்மை வந்துடும்னு தெரியும். அதனாலதான் கேக்கலை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த மூன்று வாரமும் நான் ஒருத்தியாகச் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். காய் தொங்கிய மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்று, இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறோம். பிறகு கோபமும் நிற்கவில்லை. அவர் கை விரல்கள் குடைப்பிடியில் வெளுத்துப்போயிருந்தன.

சயான் வந்தது. இறங்குகிறவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன்.